துரைசானிக்கு நான் எழுதிய பதில்

பிள்ளை,

கடிதம் வந்தால் வாசலில் நின்றபடியே, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பிரித்துப் படிப்பது உன் பழக்கம். இதை அப்படிப் படிக்காதே. உள்ளே போய் உட்கார். ஒரு தம்ளர் தண்ணீர் குடி. அதற்குப் பிறகு படி. இதை ஏன் தொலைபேசியில் சொல்லவில்லை என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை சொல்லத்தான் வாயெடுத்தேன். நீ எர்லாங்கனில் இருந்துகொண்டு, ரோசலிண்ட் அம்மையாரின் வாழ்க்கையைப் பற்றி எழுதி முடித்த புத்தகத்தின் ஏழாம் அதிகாரத்தை ஜெர்மனில் இருந்து தமிழாக்கியபடியே எனக்கு வாசித்துக் காட்டினாய். பாதியில் நான், "அடுப்பில கறி கிடக்குது பிள்ளை, பிறகு எடுக்கிறன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன். அடுப்பில் கறி எதுவும் இருக்கவில்லை. அம்மா அன்று சமைக்கவே இல்லை, முதல் நாள் புட்டு மிஞ்சியிருந்தது.

நான் ஓடிப்போனது அந்த மூன்று வரிகளைக் கேட்டபிறகு. "ரோசலிண்ட் அம்மையார் கொடுப்பதில் வேகமானவர், மறப்பதில் அதைவிட வேகமானவர். ஒரு பெண்ணுக்கு இங்கிலாந்தில் படிக்க வைப்பதாக ஆசை காட்டினார். அவள் ஒரு கோடைகாலம் முழுவதும் தபால்பெட்டிக்கும் வீட்டுக்கும் நடந்துகொண்டிருந்தபோது அவர் அவளை மறந்தே போயிருந்தார்." அந்தப் பெண் நீ என்று எனக்குத் தெரியும். இருபது வருடத்துக்கு மேலாக நீ அடக்கிவைத்த கோபம் அந்த வரிகளில் இருந்தது. புத்தகம் இன்னும் மூன்று வாரத்தில் அச்சுக்குப் போகிறது. அந்த வரிகள் பொய், பிள்ளை. நீ நம்பியதைத்தான் எழுதினாய். அப்படி நம்பும்படி செய்தவன் நான்.

நேரே விஷயத்துக்கு வரமாட்டேன். எனக்கு அந்தத் துணிவு கிடையாது, அதோடு இந்தக் குற்றம் எங்கிருந்து முளைத்தது என்று உனக்குத் தெரியவேண்டும். எனக்கு அந்த மனுசி மேல் பொறாமை. சின்னப் பொறாமை இல்லை. நெஞ்சு எரிகிற பொறாமை. போன இலையுதிர் காலத்தில் அவரைப் புதைத்த அன்று, நீ வரமாட்டேன் என்று சொன்ன அந்தச் சாவீட்டுக்கு நான் போனேன். பின்வரிசையில் நின்றேன். அவர் வளர்த்துவிட்ட பிள்ளைகள், வியட்நாம்காரர், ஈரான்காரர், எங்கட ஆட்கள், எல்லோரும் தாடிமீசையோடும் கைக்குழந்தைகளோடும் நின்று அழுதார்கள். நான் அழவில்லை. என் சாவுக்கு இதில் பாதிப்பேராவது வருவார்களா என்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். உன் அப்பன் இப்படிப்பட்டவன் என்று இனியாவது தெரிந்துகொள்.

அவ்வளவு கோபத்தோடும் அவருடைய வாழ்க்கையை நீ நன்றாகவே எழுதியிருக்கிறாய், அதில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. இங்கிலாந்தின் வடக்கே ஒரு பிரபுவின் மாளிகையில் பிறந்ததும், தாயைப் பின்னேரத் தேநீர் நேரத்தில் மட்டும் பார்த்து ஆயாவின் கையில் வளர்ந்ததும், இன்னொரு பிரபுவுக்குக் கட்டிக்கொடுக்க வைத்திருந்த பெண் மண்ணியல் படித்த ஒரு ஜெர்மன்காரனோடு ஓடி வந்ததும், எதிரி நாட்டுக்காரனைக் கட்டியவளின் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று தகப்பன் சாகும்வரை பிடிவாதமாக இருந்ததும் எல்லாம் சரி. புருசன் வாலிப வயதிலேயே நெஞ்சு நோயில் போனபிறகும் ஊருக்குத் திரும்பாமல் ஜெர்மனியில் இந்த ஆஹென் நகரத்திலேயே இருந்து, பணக்கார வீட்டுச் சாப்பாட்டு மேசைகளில் யாரும் யாரோடும் பேசாமல் சாப்பிடுவதைப் பற்றியே ஏழு நாவல்கள் எழுதினார். தகப்பனின் சொத்தில் பங்கு வந்ததும், மூடிக்கிடந்த ஊசி ஆலை ஒன்றை வாங்கி, அகதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து படிக்கிற இடமாக மாற்றினார். இதெல்லாம் ஊருக்கே தெரிந்த கதை. அவருக்கு நான் வைத்த பெயர் துரைசானி என்பதும் உனக்குத் தெரியும். அது கேலிக்கு வைத்த பெயர் என்று நீ சிரித்தாய். எரிச்சலில் வைத்த பெயர் என்று அம்மா மட்டும் கண்டுபிடித்தாள்.

ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, அங்கும் இங்கும் அலைக்கழிந்து ஆஹெனுக்கு அனுப்பப்பட்டபோது, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் தமிழும் படிப்பித்த வாத்தியார் நான். ஏழெட்டுச் சிறுகதைகள் சிற்றிதழ்களில் வந்திருந்தன, எழுத்தாளன் என்று என்னை நானே நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே வந்து கராம்பும் கறுவாவும் மணக்கிற பிஸ்கற் ஆலையில் தட்டுக் கழுவினேன். ஜெர்மன் என் நாக்குக்கு வரவில்லை. எங்கள் வீட்டுக்கு வரும் கடிதங்களை எல்லாம் ஒரு பிஸ்கற் தகரத்தில் போட்டு வைப்போம், சனிக்கிழமை காலையில் நீ மேசையில் பரப்பிக்கொண்டு இருப்பாய். ஒன்பது வயது உனக்கு. "அப்பா, இது டெர்மின், செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் போகோணும். இது ஆன்ட்ராக், நிரப்பி அனுப்போணும். இதில கையெழுத்து வையுங்கோ" என்பாய். நான் வைப்பேன். மகள் கைகாட்டிய இடத்தில் கையெழுத்து வைக்கிற வாத்தியார்! நீ அதைப் பெருமையாகச் செய்தாய், நானும் சிரித்துக்கொண்டே வைத்தேன். உள்ளே என்ன நடந்தது என்று உனக்குக் காட்டியதில்லை.

துரைசானியும் ஜெர்மனைக் கொலை செய்துதான் பேசுவார், அதைக் கவனித்திருக்கிறாயா? வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒருமுறை எங்களுக்காகப் பேச வந்தார். அவர் விட்ட பிழைகளுக்கு அந்த அதிகாரி புன்னகைத்தான், நாற்காலி இழுத்துப் போட்டான். அதே பிழையை நான் விட்டபோது முகத்தைச் சுளித்து, "பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றான். அவர் செய்த உதவியால்தான் எங்களுக்கு வதிவிட அனுமதி சீக்கிரம் கிடைத்தது. வீடு வந்து சேரும்வரை பஸ்ஸில் நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அம்மா, "உங்களுக்கு என்ன விசரே? அந்த மனுசி இல்லாட்டி இண்டைக்கும் வரிசையில நிண்டிருப்பியள்" என்றாள்.

ஆனால் அதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியது. நீ அவரிடம் போகத் தொடங்கியதுதான் பொறுக்க முடியவில்லை. ஊசி ஆலையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மேசை, மேசைக்குப் பூட்டுள்ள ஒரு லாச்சி, அதன் திறப்பு அந்தப் பிள்ளையிடமே இருக்கும். ஒற்றை அறையில் மூன்று பேர் இருந்த காலம் அது. அந்தத் திறப்பை நீ பிள்ளையார் பதக்கம் தொங்கிய சங்கிலியிலேயே கோத்துக் கழுத்தில் போட்டிருந்தாய். உள்ளே என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். "அது சொல்ல ஏலாது அப்பா" என்றாய். மகளுக்கு ஒரு லாச்சி கொடுக்க எனக்குத் தோன்றவில்லை, எங்கிருந்தோ வந்த ஒரு பிரபுவின் மகளுக்குத் தோன்றியிருக்கிறது. அன்று முழுக்க உன்னோடு நான் பேசவில்லை. நீ காரணம் தெரியாமல் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாய்.

தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பஸ்ஸில் வாராவாரம் உனக்கு ஒரு தொடர்கதை சொல்லி வந்தேனே, அது ஏன் திடீரென்று நின்றது என்று நினைவிருக்கிறதா? பயணக் களைப்பு என்று சொன்னேன். உண்மை வேறு. அந்தக் கதையில் ஒரு வியாபாரியும் அவன் மனைவியும் வருவார்கள். ஒரு சனிக்கிழமை நீ கேட்டாய், "அப்பா, அந்த மனிசிக்கு ஏன் பேர் இல்லை? ரோசலிண்ட் ஆன்ட்டி கேட்டவ. புருசனுக்குப் பேர் இருக்கு, குதிரைக்குக்கூடப் பேர் இருக்கு எண்டு சொல்லிச் சிரிச்சவ." என் கதையை நீ அவருக்குப் போய்ச் சொல்லியிருக்கிறாய், அவர் அதைத் திருத்தி அனுப்பியிருக்கிறார். அவர் சொன்னது சரி. அந்தச் சரிதான் என்னைச் சுட்டது. அன்றோடு கதை சொல்வதை நிறுத்தினேன். வியாபாரி கடலில் பாதி வழியில் நிற்கிறான், இன்னும் கரை சேரவில்லை.

அம்மா சுட்ட றோல்ஸோடு அவர் வீட்டுக்குத் தேநீருக்குப் போன நாளையும் சொல்கிறேன். நான் ஆங்கிலத்தில் நாலு வசனம் பாடமாக்கிக்கொண்டு போனேன். அவர் மூன்று றோல்ஸ் சாப்பிட்டுவிட்டு, "உங்கள் கதைகளைப் பற்றி மகள் சொன்னாள். அவளை மொழிபெயர்க்கச் சொல்லுங்கள், நான் படிக்க ஆசைப்படுகிறேன்" என்றார். அவை பிள்ளைகளுக்கு ஏற்ற கதைகள் அல்ல, மேடம் என்றேன். எல்லாம் பச்சைப் பிள்ளைகளும் படிக்கக்கூடிய கதைகள். அவர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடுவாரோ என்று பயந்தேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பொய் என்று உனக்குத் தெரிந்திருந்தது.

இனித் தள்ளிப்போட முடியாது. நீ பன்னிரண்டாம் வகுப்பில் இருந்த வருடம், இங்கிலாந்தில் இலக்கியம் படிக்க அனுப்பலாம் என்று அவர் உன்னிடம் பட்டும்படாமல் பேசியிருக்கிறார். நீ வீட்டுக்கு வந்து அம்மாவின் காதில் மட்டும் சொன்னாய். அவரிடம் நீ ஒன்று சொல்லியிருக்கிறாய், அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது: எங்கட ஆட்களிட்ட முதல் அப்பாவைக் கேட்கவேண்டும், இல்லாவிட்டால் மரியாதை இல்லை என்று. அவர் அதை மறக்கவில்லை. உன்னிடம் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல், எங்கள் முறைப்படி எனக்குக் கடிதம் எழுதினார். ஆங்கிலத்தில்.

ஜெர்மனிக்கு வந்து எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, உன் உதவியில்லாமல் நானே படித்த முதல் கடிதம் அது. காலை வேலை முடித்து வந்து தபால்பெட்டியைத் திறந்தேன், என் பெயர் போட்ட தடித்த உறை. படிக்கட்டிலேயே உட்கார்ந்து படித்தேன். தன் தங்கை வீட்டில் உனக்கு ஓர் அறை, மூன்று வருடப் படிப்பு, முழுச் செலவும் ஊசி ஆலையை நடத்தும் அவருடைய அறக்கட்டளையுடையது. "உங்கள் மகளிடம் எழுத்து இருக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. உங்கள் சம்மதம் இல்லாமல் அவளிடம் இதைப் பற்றிப் பேசமாட்டேன்" என்று முடித்திருந்தார். எவ்வளவு நாகரிகமான கடிதம்! எனக்கு ஆத்திரம்தான் வந்தது. உன்னிடம் எழுத்து இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. என் மகள் எழுதுகிறாள் என்பதை இன்னொருத்தி எனக்கு அறிவிக்கிறாள். அந்த லாச்சிக்குள் இருந்தது என்னவென்று அப்போதுதான் விளங்கியது.

பொம்பிளைப் பிள்ளையைத் தனியே அனுப்ப ஏலாது, ஆட்கள் கதைப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அது ஒட்டவில்லை, ஏனென்றால் அடுத்த வருடமே உன்னைத் தனியாக எர்லாங்கனுக்குப் படிக்க அனுப்பினேன். காரணம் ஒன்றுதான். நீ அங்கே போய் எழுத்தாளராகி வந்தால், உன்னை அவர் உண்டாக்கினார் என்று ஊர் சொல்லும். நீயும் சொல்வாய். அதை நான் தாங்கமாட்டேன்.

பதில் எழுதினேன். மூன்று தடவை எழுதிக் கிழித்து, நாலாவது தடவை படி எடுத்து அனுப்பினேன். மகள் மிகவும் நன்றியுள்ளவள் என்றும், ஆனால் பெற்றோரைவிட்டுப் போக அவளுக்கே விருப்பமில்லை என்றும், அதை உங்களிடம் நேரில் சொல்லக் கூச்சப்படுகிறாள் என்றும், அவளிடம் இதைப் பற்றிக் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றும் எழுதினேன். கதவு, யன்னல், சந்துபொந்து எல்லாவற்றையும் அடைத்தேன். இன்னொன்றும் சொல்லவேண்டும், இதைச் சொல்லத்தான் மிகவும் வெட்கமாக இருக்கிறது. எழுதும்போது எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஒரு பெரிய எழுத்தாளருக்கு நான் எழுதுகிறேன். ஒவ்வொரு வசனத்தையும் வாய்விட்டுப் படித்து, சொல்லை மாற்றி, காற்புள்ளியைத் தள்ளிவைத்து எழுதினேன். என் கதைகளில் எதற்கும் அவ்வளவு பாடுபட்டதில்லை.

பத்து நாளில் அவர் பதில் போட்டார். அவள் முடிவை மதிக்கிறேன் என்றார். தன்னைச் சிறுவயது முழுவதும் எல்லோரும் கட்டாயப்படுத்தினார்கள் என்றும், அதனால் எந்தப் பிள்ளையையும் தான் கட்டாயப்படுத்துவதில்லை என்றும், அவளாக வாய் திறக்கும்வரை தானும் திறக்கமாட்டேன் என்றும் எழுதியிருந்தார். அவள் மனம் மாறினால் அந்த அறை எந்த வருடமும் அவளுக்காகக் காலியாக இருக்கும் என்று இரண்டு தடவை எழுதியிருந்தார். அவர் அந்தப் பேச்சையே மறுபடி எடுக்கவில்லை என்ற கோபத்தில், கோடை முடிந்ததும் நீ ஊசி ஆலைக்குப் போவதை நிறுத்தினாய். பஸ் நிறுத்தத்தில் அவரைக் கண்டு நீ முகத்தைத் திருப்பிய நாளில் நானும் பக்கத்தில் நின்றேன். அவர் தலையை மட்டும் மெல்ல அசைத்தார். உன் கூச்சத்தை மதிக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. உனக்கு அது திமிராகத் தெரிந்தது.

அந்தக் கோடைகாலம் முழுவதும் நீ படியிறங்கித் தபால்பெட்டிக்குப் போவதை நான் பல்கனியில் இருந்து பார்த்தேன். ஒரு நாள் வெறுங்கையோடு மேலே வந்து, "அப்பா, எனக்கு ஏதும் வந்ததே? நீங்கள் எடுத்து வைச்சிருக்கிறியளே?" என்று கேட்டாய். "இல்லைப் பிள்ளை" என்றேன். இரண்டு கடிதங்களும் என் கதைகள் வைத்திருந்த பெட்டிக்குள் இருந்தன. அந்தப் பெட்டியை இந்த வீட்டில் யாரும் திறக்கமாட்டார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

அவற்றை ஏன் கிழித்துப் போடவில்லை என்று கேட்பாய். மனச்சாட்சி என்று சொன்னால் நம்பாதே. முதற்கடிதத்தைக் கிழிக்கப் போனேன். இரண்டாவதின் கடைசி வரி என் கையைப் பிடித்தது. "ஐயா, உங்கள் ஆங்கிலம் மிக அழகாக இருக்கிறது. இப்படிக் கடிதம் எழுதுகிறவர் கதை எழுதாமல் இருக்கக்கூடாது." ஓர் எழுத்தாளர் என்னை எழுத்தாளனாக மதித்துச் சொன்ன ஒரே வார்த்தை, பிள்ளை. உன் வாழ்க்கையைத் திசைதிருப்பிய பொய்க்குக் கிடைத்த பாராட்டு. வருடத்துக்கு ஒருமுறையாவது அதை எடுத்துப் படிப்பேன். போன மாதமும் படித்தேன்.

அம்மாவுக்கு இந்தக் கிழமைதான் சொன்னேன். அவள் கத்தவில்லை. "அந்த வருசம் முழுக்க அந்தப் பிள்ளை கோப்பையில சோத்தை அளைஞ்சுகொண்டு இருந்தது. நீங்கள் முன்னுக்கு இருந்து சாப்பிட்டனீங்கள்" என்றாள். அன்றிலிருந்து தேநீரை நானே போட்டுக் குடிக்கிறேன், அது வாயில் வைக்க முடியாமல் இருக்கிறது. நீ என்ன செய்வாயோ தெரியாது. மின்கருவிகளுக்குக் கையேடு எழுதிக்கொண்டிருக்கும் உன் கையால் வேறு என்னவெல்லாம் எழுதப்பட்டிருக்கும் என்று கணக்குப் பார்த்தால், மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வராது. கேட்கவும் இல்லை.

ஒரு புத்திமதி மட்டும் சொல்லவிடு. ஒருவரின் வாழ்க்கையை எழுதும்போது அவரைப் புகழ்கிறவர்களிடம் மட்டும் கேட்டு எழுதாதே, அவர்மேல் கோபம் உள்ளவர்களையும் முழுதாக நம்பாதே. பொறாமைக்காரனைத் தேடிப் பிடி. அவனைப் போல யாரும் உற்றுப் பார்த்திருக்கமாட்டார்கள். துரைசானி யாருக்காவது எதையாவது கொடுக்கும்போது முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொள்வார், கவனித்தாயா? யன்னலையோ சுவரையோ பார்த்தபடி கையை மட்டும் நீட்டுவார். வாங்குகிறவர் நன்றி சொல்லும் முகத்தை வைத்துக்கொள்ளவேண்டிய தேவை இருக்கக்கூடாது என்பதற்காக. அவருடைய காலுறையின் குதிக்காலில் எப்போதும் ஒரு தையல் இருக்கும், அவரே தைத்த கோணல் தையல். பெரிய நாற்காலிகள் காலியாகக் கிடந்தாலும் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில்தான் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்காருவார். ஏதாவது ஒரு இடத்தில் பொய்யாக நடக்கிறாரா என்று பதினைந்து வருடம் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. உன்னை அவர் மறக்கவில்லை என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி உனக்குக் கிடைக்காது.

அவருடைய இரண்டு கடிதங்களையும், நான் அனுப்பியதன் படியையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஏழாம் அதிகாரத்தில் அந்த வரிகளை எடுத்துவிட்டு நடந்ததை எழுது. "ஒரு பெற்றோர் மறுத்துவிட்டார்" என்று எழுதி என்னைக் காப்பாற்றாதே. "அக்காலத்து அகதிக் குடும்பங்களின் தயக்கம்" என்று ஊரின் தலையில் கட்டிவிடாதே, ஊருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என் முழுப் பெயரையும் தகப்பன் பெயரோடு போடு. நான் எழுதிய கடிதத்தை ஒரு சொல் மாற்றாமல் அப்படியே அச்சிடு. அந்த மனுசியின் வாழ்க்கை முழுவதையும் நீ உட்கார்ந்து எழுதியிருக்கிறாய், ஏழெட்டு அதிகாரம். எனக்கு அதில் ஒரு பக்கம் வேண்டும், பிள்ளை. கெட்டவனாக வந்தாலும் பரவாயில்லை, உன் கையால் எழுது.

அப்பா